நெரிசலான பொதுநிலத்தில் எல்க் வேட்டை: எத்தனை மைல் உள்ளே போவது?

ஓடைக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கொலராடோவில், டென்வருக்கு அருகே ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவன் ஆகையால், வேட்டை பற்றிச் சொல்லித்தர எங்கள் வீட்டில் யாரும் இருந்ததில்லை. இங்கே வந்த பிறகு உடன் பணிபுரியும் நண்பர் ஒருவரிடம் துப்பாக்கியைக் கையாளக் கற்றேன். வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற்றேன். இரண்டு ஆண்டுகள் முயல் வேட்டையோடு நிறுத்திக்கொண்டு, சென்ற ஆண்டு அக்டோபர் இறுதியில் வரும், துப்பாக்கி வேட்டைக்கான இரண்டாம் பருவத்தில், குலுக்கல் இல்லாமல் நேரடியாக வாங்கும் ஆண் எல்க் (பெரிய மான் வகை) உரிமத்தோடு, தனியாக ஃபிளாட் டாப்ஸ் வனாந்தரப் பகுதிக்குப் போனேன்.

பருவம் தொடங்குவதற்கு முந்தின நாள் மாலை, நான் தேர்ந்து வைத்திருந்த பாதை தொடங்கும் இடத்தில் 40க்கும் மேற்பட்ட வண்டிகள் நின்றிருந்தன. இந்தக் கூட்டத்தைத் தாண்டிவிட்டால் போதும் என்று எண்ணி, தலைவிளக்கு வெளிச்சத்தில் ஆறு மைல் நடந்து ஒரு பெரிய புல்வெளியின் ஓரத்தை அடைந்தேன். அங்கே எனக்கு முன்பே மூன்று பெரிய கூடாரங்களும், கட்டிப்போட்ட ஏழெட்டுக் குதிரைகளும் இருந்தன. ஐந்து நாள் அலைந்தும் பழைய குளம்புத் தடங்களைத் தவிர எதையும் காணவில்லை. திரும்பி வரும்போது, சாலையிலிருந்து ஒரு மைல்கூட இல்லாத ஒரு செங்குத்தான சரிவிலிருந்து முதியவர்கள் இருவர் ஓர் ஆண் எல்க்கின் கறியைச் சுமந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சரிவின் அடிவாரம் வழியாகத்தான் முதல் நாள் இரவு நான் நடந்து போயிருந்தேன்.

இந்த ஆண்டு நண்பர் ஒருவரும் உடன் வருகிறார். எங்களிடம் ஐந்து நாட்கள் உள்ளன, குதிரை இல்லை, கறியை முதுகில் சுமந்து வருவதாகவே எண்ணம். இன்னும் உள்ளே, எட்டு ஒன்பது மைல் போவதா? அல்லது என் திட்டத்தின் அடிப்படையே தவறா? விலங்கைச் சுட்டுவிட்டுக் கறியைக் கெடவிடுவது எனக்குச் சற்றும் ஒப்பாத செயல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வடமலையான்:

ஓடைக்கரை, உங்கள் கடைசி வாக்கியத்திலிருந்தே திட்டத்தைத் தொடங்குங்கள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வரைபடத்தை விரித்து, சாலையிலிருந்து ஆகத் தொலைவான இடத்தைத் தேடி, அங்கே ஒரு புள்ளி வைக்கிறார்கள். நான் இருபது பருவங்களாக இந்த மாநிலத்தின் பொதுநிலங்களில் எல்க் தேடுகிறேன். கறி வண்டிக்கு வந்து சேரும் வழியை முதலில் முடிவு செய்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கித்தான் மற்ற எல்லாவற்றையும் வகுப்பேன்.

வளர்ந்த ஆண் எல்க் சுமார் 320 கிலோ எடை இருக்கும். எலும்பு நீக்கிய பிறகு 90 கிலோவுக்குக் குறையாமல் கறி கிடைக்கும். கொம்போடு தலையையும் சேர்த்தால் 100 கிலோவைத் தாண்டும். மேடுபள்ளமும் விழுந்த மரங்களும் உள்ள நிலத்தில் ஒருவர் 30 கிலோவுக்கு மேல் சுமந்தால் முழங்கால் போய்விடும். ஆகவே இருவருக்கும் கறிக்கு இரண்டு நடை, கூடாரத்துக்கும் மற்றப் பொருள்களுக்கும் ஒரு நடை. மூன்று முறை இறங்கி, இடையில் இரண்டு முறை திரும்ப ஏற வேண்டும். ஒன்பது மைல் உள்ளே சுட்டால் ஆளுக்கு 45 மைல் நடை. இரண்டு மைலில் சுட்டால் 10 மைல். அந்த 45 மைலை 10,000 அடி உயரத்தில் நடந்து முடிக்க உங்களுக்கு மூன்று நாளாவது ஆகும். அக்டோபர் இறுதியில் இரவு உறைந்தாலும், வெயில் அடிக்கும் பகலில் திறந்த சரிவுகள் நன்றாகவே சூடாகிவிடும். மூன்று நாள் கறி தாங்குமா என்பது அந்த வாரத்து வானிலையின் கையில் போய்விடும்.

இறைச்சி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட பகுதிகளில் மோட்டார் மட்டுமல்ல, மிதிவண்டியும், சக்கரம் வைத்த கைவண்டியும்கூடத் தடை செய்யப்பட்டவை. அந்தச் சட்டத்தின் வித்துகளில் ஒன்று நீங்கள் போன அதே மலையில்தான் ஊன்றப்பட்டது. 1919இல் டிராப்பர்ஸ் ஏரியைச் சுற்றிக் கோடைக்கால வீடுகளுக்கு மனை அளக்க அனுப்பப்பட்ட ஆர்தர் கார்ஹார்ட் என்ற வனத்துறை அலுவலர், அந்தக் கரையைக் கட்டடமின்றி அப்படியே விட்டுவிட வேண்டும் என்று பரிந்துரைத்தார். அங்கே சக்கரம் உருளாமல் இருப்பதால்தான் எல்க்குக்கு இன்னும் ஒதுங்க இடம் இருக்கிறது. ஆகவே சுமையை ஒரு குறையாக நான் எண்ணுவதில்லை.

இனி, எங்கே போவது என்பதற்கு வருகிறேன். எல்க் சாலையிலிருந்து விலகுகிறது என்பது உண்மை. ஆரிகன் மாநிலத்தின் ஸ்டார்க்கி ஆய்வுக்காட்டில் பல ஆண்டுகளாக நடந்த ஆய்வுகள், வண்டி ஓடும் சாலைகளை அது எப்படித் தவிர்க்கிறது என்று தெளிவாகக் காட்டியிருக்கின்றன. ஆனால் அது மைல் கணக்குப் பார்த்து விலகுவதில்லை. மனித நடமாட்டத்திலிருந்து விலகுகிறது. ஆறாவது மைலில் உள்ள புல்வெளிக்கு நல்ல பாதையும், தண்ணீரும், குதிரை கட்ட இடமும் இருந்தால், அங்கே முதல் மைலைவிட மனிதர்கள் அதிகம் இருப்பார்கள். நீங்கள் கண்டது அதைத்தான். அந்த முதியவர்கள் போன சரிவுக்குப் பாதை இல்லை, தொடக்கத்திலேயே மூச்சு வாங்கும் ஏற்றம், விழுந்த மரங்கள். நாற்பது வண்டிகளில் வந்தவர்களும், நீங்கள் உட்பட, அதைக் கடந்து போனார்கள்.

வரைபடத்தில் இப்படித் தேடிப் பாருங்கள். இரண்டு பாதைகளுக்கு இடையே, எதுவும் ஊடே போகாத ஒரு துண்டு நிலம். வடக்கு நோக்கிய சரிவு. ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்கள் அடர்ந்த காடு. அதன் நடுவே சமதளமான ஒரு சிறு படி. பக்கத்தில் ஒரு ஊற்றும் கொஞ்சம் புல்லும். இணைசேர் காலம் அக்டோபர் முதல் வாரங்களில் முடிந்துவிடும். அதில் உடல் இளைத்துப்போன ஆண் எல்க், அக்டோபர் கடைசியில் கூட்டத்தை விட்டுப் பிரிந்து, ஒன்றோ இரண்டோ சேர்ந்து, மேய்ச்சலும் மறைவும் ஒரே இடத்தில் கிடைக்கும் மூலையில் அடங்கிவிடும். செப்டம்பரில் கேட்ட கூவலை நம்பிப் பெரிய புல்வெளியின் ஓரத்தில் காத்திருப்பவர்களுக்கு அது தென்படாமல் போவது அதனால்தான்.

செம்பருத்தி:

வடமலையான் ஐயா சொன்னதோடு என் பங்கையும் சேர்க்கிறேன். தம்பி, கூட்டத்தை ஒரு தொல்லையாக மட்டும் பார்க்காதீர்கள். அது நேரம் தவறாமல் இயங்குவது. பருவத்தின் முதல் நாள் விடிவதற்கு முன்பே எல்லோரும் பாதைகளில் நடக்கத் தொடங்குவார்கள். பத்து மணிக்குப் பெரும்பாலோர் கூடாரத்துக்குச் சாப்பிடத் திரும்புவார்கள். மாலை நான்கு மணிக்கு மறுபடி கிளம்புவார்கள். அந்தப் பத்து மணி நடமாட்டத்தில் எழுந்த எல்க், ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்கு, தாழ்ந்த ஒரு கணவாய் வழியாகத்தான் கடக்கும். நானும் என் கணவரும் முதல் நாள் விடியலுக்கு ஒரு மணி நேரம் முன்னரே அப்படியொரு கணவாயில் போய் உட்கார்ந்து, பிற்பகல் வரை எழுந்திருப்பதில்லை. எங்களுக்குக் கிடைத்த நான்கு எல்க்குகளில் மூன்று, பகல் பத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் கிடைத்தவை.

காற்றைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கண்ணையும் காதையும் ஏமாற்றிவிடலாம். எல்க்கின் மூக்கை ஏமாற்ற முடியாது. மலையில் இரவிலும் அதிகாலையிலும் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி இறங்கும். வெயில் பட்டு நிலம் சூடானதும், ஒன்பது பத்து மணிவாக்கில், மேல்நோக்கி ஏறத் தொடங்கும். அந்த மாறும் வேளையில்தான் பலருடைய வேட்டை கெடுகிறது. காலையில் மேலேயிருந்து நெருங்கினால் உங்கள் வாடை உங்களுக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிடும். ஒரு சிறு புட்டியில் மெல்லிய மாவை வைத்துக்கொண்டு அவ்வப்போது தூவிப் பாருங்கள். காற்று ஒத்துவராத அன்றைக்கு, நல்ல இடம் என்று தெரிந்தாலும் நாங்கள் அதன் பக்கமே போவதில்லை. ஒருமுறை விரட்டிவிட்டால் அந்த எல்க் பல மைல் போய்விடும், சில சமயம் தனியார் பண்ணைக்குள்ளேயே போய் நின்றுவிடும்.

நாட்களைப் பற்றியும் யோசியுங்கள். முதல் சனி, ஞாயிறு தாண்டியதும் கூட்டம் வெகுவாகக் குறையும். உங்களுக்கு ஐந்தே நாட்கள் என்றால், தொடக்க வார இறுதியில் பிறர் கலைப்பதைப் பயன்படுத்துவதா, அல்லது திங்கட்கிழமை போய் அடங்கிய காட்டில் மெல்லத் தேடுவதா என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். நவம்பரில் வரும் மூன்றாம் பருவத்தையும் ஒதுக்கிவிட வேண்டாம். பனி விழுந்தால் புதிய தடம் தெரியும். பனி முழங்காலுக்கு மேல் ஏறினால் எல்க் தாழ்வான இடங்களுக்கு இறங்கும். கறி கெடும் கவலையும் குறையும். ஆனால் பனியில் வழுக்காமல் இருக்க வண்டிச் சக்கரங்களுக்குச் சங்கிலி வேண்டும், கூடாரத்துக்குள் அடுப்பு வேண்டும்.

இன்னொன்றை நான் மிகுந்த கவலையோடு சொல்கிறேன். அந்த மலையில் மூஸும் உண்டு, அது எல்க்கைவிடப் பெரிய இன்னொரு மான் வகை. எல்க் என்று நினைத்து மூஸைச் சுட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். மூஸ் உடல் முழுவதும் கருத்திருக்கும், மூக்கு தடித்துத் தொங்கும். எல்க்குக்குப் பின்புறம் வெளிர் மஞ்சளாக இருக்கும், கழுத்து மட்டும் கருத்திருக்கும். எல்க் என்று உறுதியான பிறகும், பெரும்பாலான பகுதிகளில் ஒரு கொம்பில் நான்கு கிளைகளாவது இருக்க வேண்டும், அல்லது நெற்றிக்கிளை ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும். பைனாகுலரில் எண்ணி முடிக்கும்வரை துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோகாதீர்கள். துப்பாக்கிப் பருவத்தில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலத்துக்குக் குறையாமல் ஒளிரும் செம்மஞ்சள் அல்லது ஒளிரும் இளஞ்சிவப்பு உடையும், அதே நிறத்தில் தொப்பியும் கட்டாயம். அவ்வளவு பேர் நடமாடும் காட்டில் அதைச் சட்டத்துக்காக மட்டும் அணிய வேண்டாம். சரிவின் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் உங்களைக் காண வேண்டும்.

ஓடைக்கரை:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மனமார்ந்த நன்றி. 45 மைல் கணக்கைப் படித்ததும் ஒன்பது மைல் எண்ணத்தைக் கைவிட்டேன். சென்ற ஆண்டு அங்கே எனக்கு எல்க் கிடைத்திருந்தால் தனியாளாக என்ன செய்திருப்பேன் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

இரண்டு ஐயங்கள். உடன் வரும் நண்பர் எச்1பி விசாவில் இருக்கிறார்; நான் கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். அவர் துப்பாக்கி ஏந்தலாமா? அடுத்து, நான் பார்த்துவைத்த ஒரு துண்டுப் பொதுநிலத்தின் ஒரு பக்கம் தனியார் பண்ணை இருக்கிறது. வேலியும் இல்லை, அறிவிப்புப் பலகையும் இல்லை. எல்லையை ஒட்டி வேட்டையாடுவது சரியா?

குறிஞ்சிக்கல்:

முதல் ஐயம் நம்மவர்கள் பலர் அறியாமலேயே மாட்டிக்கொள்ளக்கூடிய விஷயம், ஆகவே விரிவாகவே எழுதுகிறேன். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது; முறைப்படி வழங்கப்பட்ட வேட்டை உரிமம் கையில் உள்ளவருக்கு விலக்கு உண்டு. அதாவது, உங்கள் நண்பர் உரிமம் வாங்குவதற்கு முன் பயிற்சிக்கென்றுகூட உங்கள் துப்பாக்கியைத் தொடாமல் இருப்பதே நல்லது. உரிமம் காலாவதியான பிறகும் அப்படியே. குடியேற்ற விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர் என்றால், ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். அவர் துப்பாக்கியே இல்லாமல் உடன் வந்து, பைனாகுலரில் தேடவும் கறி சுமக்கவும் உதவினாலும் அது முழுமையான வேட்டைதான்.

1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் எவரும் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் இங்கே உரிமம் வாங்க முடியாது. கொலராடோவில் ஆறு மாதம் தொடர்ந்து வசித்திருந்தால் அவருக்கும் உள்ளூர்க் கட்டணமே. வெளி மாநிலத்தவர் செலுத்துவது அதைப்போல் பல மடங்கு. உரிம விதிகள் அண்மையில் மாறிவருகின்றன: வெளி மாநில வில்வேட்டைக்காரர்கள் முன்பு நேரடியாக வாங்கிய உரிமத்துக்கு 2025 முதல் குலுக்கலில் சேர வேண்டியிருக்கிறது. 2022–23 குளிர்காலத்துக் கடும்பனியில் வடமேற்குப் பகுதியில் எல்க்கும் மானும் பெருமளவில் இறந்ததால் உரிம எண்ணிக்கையும் குறைக்கப்பட்டது. ஆகவே சென்ற ஆண்டு செல்லுபடியான பகுதி இந்த ஆண்டும் அப்படியே இருக்கும் என்று கருதாமல், மாநில வனவிலங்குத் துறையின் இந்த ஆண்டுக் கையேட்டைப் படியுங்கள். குலுக்கலில் சேர விரும்பினால் அதற்கான கெடு ஏப்ரல் தொடக்கத்திலேயே முடிந்துவிடும்.

எல்லையைப் பற்றி: கொலராடோவில் வேலியோ பலகையோ இல்லை என்பது அனுமதி ஆகாது. தனியார் நிலத்தில் வேட்டையாட உரிமையாளரின் அனுமதி வேண்டும். எல்லையை அறிந்துகொள்ளும் பொறுப்பு வேட்டைக்காரருடையது. ஆன்எக்ஸ் போன்ற செயலியில் அந்தப் பகுதியின் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அங்கே கைப்பேசிக் கோபுரம் எட்டாது. சுடப்பட்ட எல்க் நூறு கெஜம் ஓடி விழக்கூடும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். பண்ணைக்குள் விழுந்தால், எடுக்கப் போவதற்கும் உரிமையாளரிடம் கேட்டாக வேண்டும். நான் எல்லையிலிருந்து கால் மைலாவது உள்ளே தள்ளித்தான் உட்காருவேன். பருவத்துக்கு முன்பே அந்தப் பண்ணைக்குப் போய்க் கதவைத் தட்டி, உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள். அப்படி முன்பே பழகியவர்களை அவர்கள் மதிப்பதை நான் கண்டிருக்கிறேன்.

வடமலையான்:

குறிஞ்சிக்கல் எழுதியதை வழிமொழிகிறேன். கறியைப் பற்றி விட்டுப்போனதை எழுதிவிடுகிறேன்.

எல்க் விழுந்ததும் முதலில் உரிமத்தோடு வரும் சீட்டில் கையெழுத்தும் தேதியும் இடுங்கள். பிறகு தாமதமே கூடாது. அதன் தோல் தடித்தது. குளிரான நாளிலும் உள்ளே சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். வயிற்றைத் திறக்காமலே ஒரு பக்கத் தோலை உரித்து, முன்சப்பை, பின்தொடை, முதுகுச்சதை, கழுத்துக்கறி என்று எடுத்துவிட்டு, புரட்டிப்போட்டு மறுபக்கமும் அப்படியே செய்யும் முறை இருவருக்கு மிக ஏற்றது. முதுகெலும்பின் உட்புறத்தை ஒட்டிய உள்சதையை மட்டும் கடைசியில் விலாவுக்குப் பின்னாலிருந்து கையை விட்டு எடுக்க வேண்டும்; அதை மறந்துவிடக் கூடாது, சட்டப்படியும் அதை விட்டுவிட்டு வரக் கூடாது. பின்தொடையில் எலும்பை ஒட்டிய இடம்தான் முதலில் கெடும். ஆகவே எலும்பு வரை கீறித் திறந்து சூட்டை வெளியேற்றுங்கள். காற்றுப் புகும் துணிப்பையில் போட்டு, நிழலில், கிளையில் தொங்கவிடுங்கள்; பிளாஸ்டிக் பையில் போட்டால் ஒரே இரவில் வீணாகிவிடும். கரடி நடமாடும் இடம் என்பதால் கூடாரத்திலிருந்து நூறு கெஜமாவது தள்ளி இருக்கட்டும்.

எலும்பை நீக்கினாலும் ஆண் என்பதைக் காட்டும் உறுப்பு ஏதேனும் ஒரு பெரிய துண்டோடு இயற்கையாக ஒட்டியிருக்க வேண்டும். வெட்டியெடுத்த தலை மட்டும் அதற்குச் சான்றாகாது. தலையையும் விடாமல் கொண்டுவாருங்கள். மூளையைத் தாக்கும் நாட்பட்ட உடல்மெலிவு நோய் இந்த மாநிலத்தின் மான்களிலும் எல்க்குகளிலும் இருக்கிறது. 1967இல் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டதே இங்குள்ள ஃபோர்ட் காலின்ஸில்தான். தலையைக் கொடுத்தால் துறையினர் சோதித்துச் சொல்வார்கள். முடிவு வரும்வரை நாங்கள் அந்தக் கறியைத் தனியாக உறையவைத்திருப்போம். மூளையையும் தண்டுவடத்தையும் எப்போதும் தொடுவதில்லை.

கூடாரம் அடிக்கும் இடத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. டிராப்பர்ஸ் ஏரியைச் சுற்றி 2002ஆம் ஆண்டுத் தீயில் எரிந்த ஸ்ப்ரூஸ் மரங்கள் பல இன்னும் பட்டுப்போய் நிற்கின்றன. எரிந்த இடத்தில் புல் நன்றாக வருவதால் எல்க் மேயும். ஆனால் காற்று வீசினால் மரம் சாயும். மேலே அண்ணாந்து பார்க்காமல் கூடாரத்தை விரிக்காதீர்கள்.

ஓடைக்கரை:

எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். இன்று மாலை நானும் நண்பரும் வரைபடத்தோடு உட்கார்ந்து, இரண்டு பாதைகளுக்கு இடையே உள்ள மூன்று வடக்குச் சரிவுகளைக் குறித்திருக்கிறோம். மூன்றும் வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து இரண்டரை மைலுக்குள். அவர் இந்த ஆண்டு உரிமம் வாங்காமல், பைனாகுலரோடும் சட்டகம் வைத்த முதுகுப்பையோடும் மட்டும் வருவதாகச் சொல்லிவிட்டார். ஜூலை இறுதியில் இரண்டு இரவு தங்கி, ஊற்று உண்மையிலேயே இருக்கிறதா, படுத்த தடம் தெரிகிறதா, விழுந்த மரங்களுக்கிடையே 30 கிலோவோடு இறங்க முடிகிறதா என்று பார்க்கப் போகிறோம். சுமைக்கு அரிசி மூட்டையையே பையில் கட்டிக்கொண்டு போவதாக இருக்கிறோம். பார்த்துவிட்டு வந்து இங்கேயே எழுதுகிறேன்.